சீரில் வந்த கம்ப்யூட்டர்

சாமளாபுரத்து விசைத்தறிக்காரர் மகள் ஜனனி கல்யாணமாகி நல்லூருக்கு வந்தபோது, சீர் வண்டியிலிருந்து கட்டில், பீரோ, கிரைண்டரோடு ஒரு கம்ப்யூட்டரும் இறங்கியது. கம்ப்யூட்டர் படித்த பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் கொடுப்பதுதானே முறை என்று அவள் அப்பா நினைத்திருந்தார். மாமியார் முத்தாத்தாள் அதற்கும் ஆரத்தி எடுத்துத்தான் உள்ளே விட்டாள். பீரோவுக்குத் துணி இருந்தது, கிரைண்டருக்கு மாவு இருந்தது. இதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பூப்போட்ட உறை ஒன்றைத் தைத்து மூடி வைத்தார்கள்.

உறையை எடுத்தவள் ஜனனிதான்.

கணவன் சசிகுமாரும் அவன் அண்ணன் குமாரசாமியும் அடுத்த தெருவில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்தினார்கள். குழந்தைகள் சட்டையில் அச்சடிக்கும் படங்களை வெளியாள் ஒருவரிடம் வரைந்து வாங்குவார்கள். அவர் சொன்ன நாளில் கொடுத்ததே இல்லை.

"நான் போட்டுத் தர்றனுங் மாமா," என்றாள் ஜனனி.

குமாரசாமி சிரித்தார். "ஏனம்மிணி, கோலம் போடற மாதிரின்னு நெனச்சுட்டயா?"

"கோலம் எனக்குச் சுத்தமா வராதுங். இதுதான் வரும்."

வந்தது. முதலில் குடை பிடித்த யானை ஒன்று போனது. அப்புறம் சைக்கிள் ஓட்டும் ஆமை, கோபக்காரப் பூசணிக்காய் என்று வரிசையாகப் போயின. நாலே வருடத்தில் அந்தக் கம்பெனியிலிருந்து கப்பலேறிய சட்டைகளில் பாதிக்கு மேல் அவள் படங்கள்தான். குமாரசாமி வெளியில் அதைச் சொல்வதில்லை. கேட்டால், "டிசைனெல்லாம் ஊட்டுலயே பாத்துக்கறமுங்" என்பார். வீட்டில் யார் என்று யாரும் கேட்டதில்லை.

கம்பெனியிலிருந்து வந்த பென் டிரைவ்கள் வழியாக வைரஸ் ஏறி ஒருமுறை கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. அவளே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றினாள். படங்கள் மெயிலில் போகத் திணறியதால், வெளியூரிலிருந்தே இந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும்படி வழி செய்தாள். ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவே இருந்த பெட்டியை, பாஸ்வேர்டு தெரிந்தவர் பம்பாயில் உட்கார்ந்து திறக்கலாம். குமாரசாமி அதற்கு 'அம்மிணி பொட்டி' என்று பெயர் வைத்தார்.

இரண்டாயிரத்து ஏழில் ஆயுத பூஜைக்கு ஜனனி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மறுநாள் பஸ் இறங்கி வீட்டுக்குள் நுழையும்போதே ஸ்டோர் ரூமிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. பெட்டிக்கு முன்னால், அவள் நாற்காலியில், கம்ப்யூட்டர் கடை அந்தோணிராஜ் உட்கார்ந்திருந்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். கையில் சிடி வைத்திருந்தான். குமாரசாமி பின்னால் நின்று வேட்டியை மடித்துக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

"நல்ல நேரத்துக்கு வந்த. உம்பட பொட்டி செத்துப் போச்சு. சசி பம்பாய்ல ஆர்டர் குடுக்கற ஏஜெண்டம்மா ஆபீஸ்ல உக்காந்துட்டு, படத்தைக் காட்டலாம்னா பொட்டி தொறக்க மாட்டேங்குதுன்னு காத்தால இருந்து கூப்புட்டே இருக்கறான்."

"திரையும் வரல யக்கா," என்றான் அந்தோணிராஜ். "எழுத்து வருது, அப்புறம் கறுப்பாயிருது. உள்ள எல்லாம் கெட்டுப்போச்சு. ஃபார்மெட் அடிச்சு விண்டோஸ் ஏத்தீட்டா சுத்தமாயிரும். எனக்கு இந்த லினக்ஸ்லாம் தெரியாது பாத்துக்கிடுங்க."

ஜனனி பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "ஃபார்மெட் பண்ணுனா நாலு வருசத்துப் படம் போயிரும்."

"காப்பி எடுத்து வெச்ச சிடி இருக்குமில்ல?" என்றார் குமாரசாமி.

"இருந்துச்சுங். உங்கம்மாதான் தோட்டத்துல கிளி வெரட்டறதுக்குச் சோளத்துல கட்டியுட்டாங்க. நீங்கதான் ஏணி புடிச்சீங்க."

குமாரசாமி வேட்டியை மறுபடி அவிழ்த்துக் கட்டினார். "போனாப் போகுது, மறுக்கா வரஞ்சுக்கலாம். அந்தம்மா சாயங்காலம் ஊருக்குப் பொறப்படறாங்களாம். ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா நீ பதில் சொல்லுவயா? போடு அந்தோணி."

அந்தோணிராஜ் சிடி செருகும் தட்டைத் திறந்தான். ஜனனி கையை நீட்டி அதை மூடினாள்.

"எந்திரிங்கண்ணா."

"யக்கா, அண்ணாச்சி சொல்றாவ..."

"இது எங்கப்பா சீருல குடுத்தது. கம்பெனிச் சொத்தில்ல. எந்திரிங்க."

அந்தோணிராஜ் குமாரசாமியைப் பார்த்தான். குமாரசாமி தேங்காய்க் குவியலைப் பார்த்தார். சீர்ப் பொருளின் மேல் கைவைத்தார்கள் என்று சாமளாபுரத்துக்குச் செய்தி போனால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அந்தோணிராஜ் எழுந்து சுவரோரம் ஒதுங்கினான்.

உட்கார்ந்த பிறகுதான் அவள் கவனித்தாள். பெட்டி முழுக்கச் சந்தனம், குங்குமம். அது வருடாவருடம் வைப்பதுதான். ஆனால் மேலே இருந்தது அவளுடைய மானிட்டர் இல்லை. கம்பெனியில் கணக்குப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த பழைய சின்ன மானிட்டர்.

"எம்பட மானிட்டர் எங்கீங்?"

"பூசைக்கு நாலு பேரு வருவாங்கன்னு ஆபீஸ்ல வெச்சனம்மா. சாமி படம் ஓடறதுக்குப் பெருசா இருந்தா நல்லா இருக்குமேன்னு... மானிட்டர்ல என்ன இருக்குது? எல்லாம் ஒண்ணுதான?"

ஒன்றில்லை. பெரிய திரையின் அளவும் வேகமும் லினக்ஸில் ஒரு கோப்பில் எழுதி வைத்திருந்தாள். பெட்டி அந்தக் கணக்கிலேயே படத்தைத் தள்ளியது, சின்னதுக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. கறுத்த திரையின் மூலையில் அந்த மானிட்டரே 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று முனகிக்கொண்டிருந்தது. ஜனனி மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். வெறும் எழுத்துத் திரை வந்தது. கோப்பைத் திறந்து அளவைக் குறைத்து எழுதி, டெஸ்க்டாப்பை மறுபடி கிளப்பினாள். இரண்டு முறை கறுத்தது. இன்னும் குறைத்தாள். மூன்றாம் முறை, கொஞ்சம் கொழகொழவென்று, யானையும் குடையும் வந்தன.

"அட!" என்றான் அந்தோணிராஜ்.

"படம் எல்லாம் இருக்குது," என்றாள் அவள்.

செல்போன் அடித்தது. சசிகுமார். ஸ்பீக்கரில் போட்டுத் தேங்காய் மேல் வைத்தாள்.

"ஜனனி, அண்ணன் சொல்றாப்டி பண்ணீரு. இங்க மானம் போகுது."

"இருக்கற படத்த அழிச்சுப்போட்டு அந்தம்மாகிட்ட என்னத்தைங் காட்டுவீங்க? மானத்தக் கொஞ்ச நேரம் புடிச்சு வெய்யுங்க. கூப்புடறேன்."

அந்தோணிராஜ் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டான்.

இனி வெளியூரிலிருந்து திறக்கும் வழி. இன்டர்நெட் வரவில்லை என்று மோடத்தின் விளக்கே சொன்னது. திரையில் மோடத்தின் செட்டிங் பக்கத்தைத் திறந்தால், கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கி வந்த மாதிரி யூசர்நேம் கேட்டது. அவள் போட்டு வைத்த ஒரு ஏற்பாடும் இல்லை. கரண்ட் போய் வந்தால் இப்படி ஆகாது. மோடத்தைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

பின்பக்கம், ஊசி நுழையும் சின்னத் துளையில், எரிந்து முடிந்த ஊதுபத்தியின் குச்சி நிமிர்ந்து நின்றது. அது ரீசெட் துளை. எல்லாவற்றையும் மறந்துபோ என்று மோடத்துக்குச் சொல்லும் பட்டன் அதற்குள்தான் இருக்கிறது. குச்சி அதை அழுத்தியபடியே இருந்திருக்கிறது.

"அத்தே!"

முத்தாத்தாள் முந்தானையில் கை துடைத்தபடி வந்தாள்.

"இது நீங்க வெச்சதுங்களா?"

"ஆமா கண்ணு. வாழப்பழத்துல சொருகுனாப் பழம் சாயுது. இதுல பாத்தா அளவெடுத்தாப்புல ஓட்டை உட்டிருக்கறான். பூசைக்குன்னே வெச்சிருப்பான்னு நெனச்சேன். அழுத்திச் சொருகுனேன், நல்லா நின்னுது."

"நல்லாத்தான் நின்னிருக்குது," என்றாள் ஜனனி.

"உம்பட பொட்டிக்கு ஒருத்தரும் சாமி கும்பிடறதில்ல. நாந்தான் கும்பிட்டேன். அதுக்கும் கோவமா?"

ஜனனிக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. "கும்பிடுங். அடுத்த வருசம் பத்தி மட்டும் நான் வெக்கறேன்."

குச்சியைப் பிடுங்கினாள். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்தாள். விளக்கு பச்சையாக நின்றது. வெளியிலிருந்து வருகிறவர்களை இந்தப் பெட்டியிடம் அனுப்பு என்று மோடத்துக்கு மறுபடி எழுதினாள். மோடம் புதிதாகக் கிளம்பினால் வீட்டின் இன்டர்நெட் எண் மாறிவிடும். புது எண்ணைப் பார்த்துச் சசிகுமாரைக் கூப்பிட்டுப் புள்ளி புள்ளியாகச் சொன்னாள்.

"தொறக்கல," என்றான் சசிகுமார்.

குமாரசாமி மூச்சை இழுத்து விட்டார். "நாந்தான் சொன்னனே. அந்தோணி, சிடியெக் குடு."

"மாமா, சித்தெ பேசாம இருங்க."

அந்த வீட்டில் அவரை அப்படி யாரும் சொன்னதில்லை. முத்தாத்தாள் மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், கீழே உட்கார்ந்து ஒரு தேங்காயை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தாள். நடப்பதை முழுசாகப் பார்க்காமல் போக அவளுக்கு மனமில்லை.

ஜனனி யோசித்தாள். வீட்டுக்குள் திறக்கிறது, வெளியிலிருந்து இல்லை. மோடம் வருகிறவர்களை யாரிடம் அனுப்புகிறது? அவள் பழைய பழக்கத்தில் பெட்டியின் பழைய எண்ணையே எழுதியிருந்தாள். எல்லாம் மறந்த மோடம் பெட்டிக்கே புது எண் கொடுத்திருந்தது. ஆள் இல்லாத கதவுக்கு விருந்தாளியை அனுப்பிக்கொண்டிருந்தது. எண்ணைத் திருத்தினாள்.

"இப்பப் பாருங்."

பம்பாயில் யாரோ இந்தியில் பேசுவது கேட்டது. பிறகு ஒரு பெண் சிரிப்பு.

"வந்துருச்சு! பூசணிக்காயப் பாத்துட்டுச் சிரிக்கறாங்க," என்றான் சசிகுமார். குரல் தணிந்தது. "ஜனனி, யார் வரைஞ்சதுன்னு கேக்கறாங்க. கம்பெனி டிசைன்னு சொல்லீரட்டுமா?"

சொல்லச் சொல்லிக் குமாரசாமி தலையாட்டினார். அது பம்பாய்க்குத் தெரியாது, ஸ்டோர் ரூமில் எல்லோருக்கும் தெரிந்தது.

"எம்பேரச் சொல்லுங்," என்றாள் ஜனனி.

சசிகுமார் அந்தப் பக்கம் திரும்பி, தடுமாறும் இந்தியில், ஜனனி, மேரி பீவி, தன் பெண்டாட்டி என்று சொல்வது கேட்டது.

போனை அணைத்துவிட்டு எழுந்தாள். அந்தோணிராஜ் சிடியைப் பையில் போட்டுக்கொண்டு, "வாரேன் யக்கா, நம்ம கடைக்கும் ஒரு நாள் வந்து இதச் சொல்லிக்குடுங்க" என்று கிளம்பினான்.

"அப்ப சரி," என்று குமாரசாமியும் நகர்ந்தார். "மானிட்டரை நாளைக்கு அனுப்பறேன்."

"நாளைக்கு வேண்டாங். நானே எடுத்துக்கறேன்."

அவர் ஏதோ சொல்வதற்குள் அவள் செருப்பைப் போட்டுவிட்டாள். அடுத்த தெருவில், சாமி படம் ஓடிக்கொண்டிருந்த திரையை அணைத்து, வயர்களைக் கழற்றி, பின்பக்கம் பெருத்த அந்த மானிட்டரைத் தண்ணீர்க் குடம்போல இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். நல்ல கனம். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலேயே குமாரசாமியின் பைக் வந்து வேகம் குறைத்தது.

"அம்மிணி, ஊரே பாக்குது. வண்டியில வெய்யி."

"பாக்கட்டுங் மாமா," என்றாள் ஜனனி. மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.