சின்னப்புள்ளி எடுத்த படங்கள்

அந்த அலுவலகத்தில் பெரும்புள்ளிகள் மாடிக்கு நாலு பேர் இருந்தார்கள். சின்னப்புள்ளி ஒருவர்தான்.

ஊருக்குக் குடிநீர் கொடுக்கும் வாரியம் அது. மூன்றாவது மாடிக் கோடியில், ஜன்னல் இல்லாத அறையில் அவருக்கு வேலை. குழாய் போகும் வழி, நீரேற்று நிலையத்தின் அமைப்பு, முடிந்த வேலைக்கான அறிக்கை என்று எந்தக் காகிதம் வந்தாலும் மேசையில் விரித்து, மேலே தொங்கும் கேமராவால் படம் பிடித்து, சுருளாகச் சுற்றி டப்பாவில் அடைக்க வேண்டும். ஓர் அறை நிறையக் கிடந்த காகிதத்தை ஒரே இழுப்பறையில் அடக்கியவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அது பெருமைதான் என்று நினைத்தவரும் அவர் ஒருவரே.

பட்டப்பெயர் வந்தது அவருடைய வாயால். குழந்தையின் படமோ கல்யாணப் படமோ, யார் எதைக் காட்டினாலும் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, மூக்கு உரசுகிற தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "புள்ளி தெரியுது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். குழந்தை யார் சாயல் என்றெல்லாம் சொல்ல மாட்டார். ஃபிலிமில் பூசியிருக்கும் வெள்ளி உப்பு மணல் மாதிரி. நைசான மணலாக இருந்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் படம் வழவழப்பாக நிற்கும், பெருமணலாக இருந்தால் அழகியின் கன்னமும் சொரசொரத்துப் போகும் என்று, கேட்காதவர்களுக்கும் விளக்குவார்.

நாற்பது வயதில் அவர் கைக்கு ஒரு கேமரா வந்தது. பழைய சாமான் கடையில், ஓடாத கைக்கடிகாரங்களுக்கு நடுவே கிடந்தது. சட்டைப்பையில் வைக்கும் சீப்பு அளவுதான் நீளம். இரண்டு முனையையும் பிடித்து இழுத்துத் தள்ளினால் அடுத்த படத்துக்குத் தயாராகிவிடும். கடைக்காரர் அதைச் சிகரெட் லைட்டர் என்றே நினைத்திருந்தார். எத்தனை முறை அழுத்தியும் பற்றவில்லை என்பதால் விலையைக் குறைத்துக் கொடுத்தார்.

அந்தக் கேமராவுக்கான ஃபிலிம் எந்தக் கடையிலும் இல்லை. அது எடுக்கும் நெகட்டிவோ சுண்டுவிரல் நகம் அளவு. அவ்வளவு சின்னதை உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கினாலே சாதாரண ஃபிலிமில் புள்ளிகள் எறும்புக் கூட்டமாகக் கிளம்பிவிடும். சின்னப்புள்ளிக்கு இது பிடித்துப் போயிற்று. அலுவலகத்தில் காகிதங்களைப் பிடிக்கும் கறுப்பு வெள்ளை ஃபிலிம்தான் உலகத்திலேயே நைசானது என்பது அவர் கட்சி. சுருள் முடிவில் மிஞ்சும் துண்டுகளை எடுத்துக்கொள்ள மேலதிகாரியிடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் அனுமதியும் வாங்கினார். மரக்கட்டையில் இரண்டு சவர பிளேடுகளை ஒன்பது மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளியில் பதித்து, ஃபிலிமை அதற்குள் இழுத்துக் கீற்றாக வெட்டினார். இருட்டு வேண்டுமே? குளியலறைக் கதவிடுக்கில் துண்டை அடைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை முற்பகல் முழுக்க மனைவியும் இரண்டு மகள்களும் சோப்பு டப்பாவோடு வெளியே காத்துக் கிடப்பார்கள். அவசரம் என்று தட்டினால், "வெளிச்சம் பட்டா எல்லாம் போச்சு" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வரும்.

நைசான ஃபிலிமுக்கு ஒரு குணம் உண்டு. மகா சோம்பேறி. வெளிச்சத்தைக் குடம் குடமாக ஊற்றினால்தான் அசைந்து கொடுக்கும். இது கொழுந்தியாள் கல்யாணத்தில் தெரிய வந்தது. மனைவியின் அண்ணன் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர்; ஃபிளாஷும் பெரிய கேமராவுமாக அவர் ஒரு பக்கம் மின்னலாக வெட்டி வெட்டி எடுத்துக்கொண்டிருக்க, சின்னப்புள்ளி தூணில் சாய்ந்துகொண்டு ஒரு படத்துக்கு இரண்டு விநாடி என்று மூச்சைப் பிடித்து எடுத்தார். கழுவிப் பார்த்தால் பெண்ணுக்குக் கையிருந்த இடத்தில் மேகம். மாப்பிள்ளைக்கு மூக்கு இரண்டு. மண்டபத்திலேயே அசையாமல் இருந்தவர், நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிய ஒரு பெரியப்பா மட்டும்தான். அவருடைய இமை மயிரைக்கூட எண்ணலாம். புள்ளி என்பது மருந்துக்கும் இல்லை. சின்னப்புள்ளி அதைக் கதவு அகலத்துக்குப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கல்யாணப் பரிசாகவே கொடுத்துவிட்டார்.

"கல்யாணம் யாருக்கு நடந்துச்சு மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார் ஸ்டுடியோ மச்சான்.

அதன் பிறகு சின்னப்புள்ளி மனிதர்களைப் படமெடுப்பதை விட்டுவிட்டார். அவர்கள் நிற்கிற மாதிரி தெரிவார்கள், நிற்க மாட்டார்கள். ஃபிலிம் கழுவும் டெவலப்பர் மருந்தை இன்னும் நீர்க்கக் கலந்தால் என்ன, கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் என்ன என்று ஆராய்ச்சி தொடங்கியது. ஒவ்வொரு கலவைக்கும் ஒரு சோதனைப் படம். எதிர்வீட்டு மதில் முன்னால் அன்றைய செய்தித்தாளை விரித்துப் பிடித்து எடுக்க வேண்டும். தாளின் தலைப்பில் தேதி படிக்க முடிந்தால் கலவை தேறிவிட்டது என்று அர்த்தம். தாளைப் பிடிக்க ஆணி அடித்தால் எதிர்வீட்டார் சும்மா விடுவார்களா? அதனால் மனைவி பிடித்தாள். ஞாயிறுதோறும், பதினோரு வருஷம்.

சங்கடம் ஓய்வுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கும்போதே வந்தது. புதிதாக வந்த தலைமை அதிகாரி மிகவும் கவனமானவர். ஊரின் மொத்தக் குழாய் வரைபடமும் இருக்கிற அறையில் வேலை செய்பவரிடம் சீப்பு அளவில் ஒரு கேமரா இருக்கிறது என்று யாரோ அவர் காதில் போட்டார்கள். அப்படிப்பட்ட கேமரா வரைபடங்களைத் திருடத்தான் இருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே எழவில்லை. மறுநாளே விசாரணைக் குழு. கேமராவையும், பதினோரு வருஷத்து ஃபிலிம் டப்பாக்களையும் ஒப்படைக்கச் சொல்லி ஆணை வந்தது.

"இவ்வளவு சின்னக் கேமரா உங்களுக்கு எதுக்கு?" என்று அதிகாரி கேட்டார்.

"பெரிய கேமராவுல புள்ளியில்லாம எடுக்க யாராலயும் முடியும் சார். அதுல என்ன இருக்கு?"

இந்தப் பதில் குற்றவாளியின் திமிர் என்று குறித்துக்கொள்ளப்பட்டது.

ஆனால் படங்களைப் பார்க்க வேண்டுமே. இவ்வளவு சின்ன நெகட்டிவைப் பெரிதாக்கும் வசதி எங்களிடம் இல்லை என்று இரண்டு ஆய்வகங்கள் கையை விரித்தன. மூன்றாவது ஆய்வகம், குடிநீர் வாரியத்திலேயே அதற்கு ஒரு பிரிவு இருக்கிறதே, அங்கே கேட்டுப் பாருங்கள் என்று எழுதியது. அந்தப் பிரிவு என்பது சின்னப்புள்ளிதான். ஆகவே, தன் மீதான சாட்சியத்தைத் தானே பெரிதாக்கிக் காட்டும்படி அவருக்கு இன்னோர் ஆணை வந்தது.

வேலையே போய்விடும் என்று மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சின்னப்புள்ளியோ பெண் பார்க்கப் போகிறவர் போல இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார். அவர் படங்களை மூன்று பேர் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பார்க்கப் போவது இதுதான் முதல் தடவை.

ஜன்னலில்லாத அறையில் தலைமை அதிகாரியும், நிர்வாக அலுவலரும், பராமரிப்புப் பொறியாளரும் உட்கார்ந்தார்கள். திரையில் முதல் படம் வந்தது. மதில், செய்தித்தாள், தாளுக்கு மேலே ஒரு பெண்ணின் முகம். இரண்டாவதும் அதுவே. முப்பதாவதும் அதுவே. முகத்தில் மட்டும் எரிச்சல் வருஷத்துக்கு வருஷம் முற்றிக்கொண்டு போயிற்று. நிர்வாக அலுவலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சின்னப்புள்ளி குச்சியால் தாளின் தலைப்பைத் தொட்டு, தேதியைப் பாருங்கள், ஒரு புள்ளி சொல்லுங்கள் பார்க்கலாம் என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தலைமை அதிகாரி தேதியைப் பார்க்கவில்லை. "கீழ என்ன, தண்ணியா?" என்றார்.

மதிலடியில் ஒரு குழாய் ஓடியது. அதன் இணைப்பிலிருந்து தண்ணீர் விசிறிக்கொண்டிருந்தது. அடுத்த படத்திலும் விசிறியது. அந்தப் பெண் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, குட்டையைத் தாண்டி நிற்பது எல்லாப் படத்திலும் தெரிந்தது. எந்த வருஷத்து எந்த ஞாயிறு என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்தித்தாள் சொல்லியது.

பராமரிப்புப் பொறியாளருக்கு வியர்த்தது. அந்தக் குழாயை அவர் கையெழுத்திட்டு நான்கு முறை சரிசெய்திருந்தார். அந்த நான்கு அறிக்கைகளையும் சுருள்படமாக எடுத்து டப்பாவில் அடைத்தவரும் சின்னப்புள்ளியே. அறிக்கையில் எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாரே தவிர, அது தன் வீட்டெதிர்க் குழாய் என்பதை அவர் பார்க்கவே இல்லை.

"போதும், விளக்கைப் போடுங்க" என்றார் தலைமை அதிகாரி.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆறு பேர் வந்து குழாயைச் சரிசெய்தார்கள். இந்த முறை நிஜமாகவே. அடுத்த வாரம் கேமராவும் டப்பாக்களும் திரும்பி வந்தன, கூடவே ஓர் ஆணையும்: படங்கள் தெளிவின்றி இருப்பதால் அவற்றைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலவில்லை, விசாரணை கைவிடப்படுகிறது.

வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் வந்தது. சின்னப்புள்ளிக்கு மட்டும் முகம் சுண்டிப்போயிற்று. தெளிவின்றி என்ற சொல்லை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு மேல்முறையீடு எழுத உட்கார்ந்தார்.

"விட்டதே பெருசுன்னு இருக்காம, எதுக்குங்க இது?" என்றாள் மனைவி.

"திருடன்னு சொல்லியிருந்தாக்கூடப் பொறுத்துக்குவேன்."

விடுதலையை எதிர்த்து ஒருவர் மனுப் போட்டது வாரியத்தின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. தலைமை அதிகாரி அவரைக் கூப்பிட்டு நயமாகவும் சொல்லிப் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். வேண்டுமானால் பிரதி போட்டு எல்லா மாடிக்கும் அனுப்புகிறேன், எல்லோரும் பார்த்துத் தெளிவைச் சொல்லட்டும் என்றார் சின்னப்புள்ளி. அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. ஆனால் மிரட்டலாகவே வேலை செய்தது. இரண்டே நாளில் ஆணை திருத்தித் தட்டச்சு செய்யப்பட்டது: படங்கள் மிகவும் தெளிவாக உள்ளன, எனினும் பார்ப்பதற்கு அவற்றில் ஒன்றுமில்லை.

சின்னப்புள்ளிக்குப் பரம திருப்தி. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவியிடம் நீட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"ஒன்னுமில்லையா? அப்ப பதினோரு வருஷமா அங்க நின்னது யாரு?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் குளியலறையை யாருக்கும் தொந்தரவில்லாமல் விட்டுவிட்டு, டப்பாக்களை ஜன்னலோரம் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியைத் தாளின் தலைப்பிலிருந்து இரண்டு விரற்கடை மேலே நகர்த்தினார். மூன்றாம் வருஷத்தில் அவள் கண்ணாடி போட ஆரம்பித்திருந்தாள். ஆறாம் வருஷத்தில் முன்நெற்றியில் ஒரு கீற்று நரை. நெகட்டிவில் அது கறுப்பாகத் தெரிந்ததால் முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. எரிச்சல், அலுப்பு, எரிச்சல், பல்வலி என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் ஒரே ஒரு படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நஞ்சமல்ல, கண் இடுங்குகிற சிரிப்பு.

அதை எடுத்துக்கொண்டு போய், எதற்குச் சிரித்தாய் என்று கேட்டார். அவள் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"அன்னிக்கு நீங்க பாதி முகத்துல சவர நுரையோட தெருவுக்கு வந்துட்டீங்க. ஒரு பக்கம் மீசை, ஒரு பக்கம் நுரை."

"சொல்லியிருக்கலாம்ல?"

"வாயை அசைக்காதேன்னு சொன்னீங்களே" என்று சொல்லிவிட்டு, அந்த ஃபிலிம் கீற்றைத் திருப்பித் தராமல் அஞ்சறைப்பெட்டிக்குள் போட்டு மூடினாள்.