இருண்ட பொருளும் ஓர் இடமாற்றக் கடிதமும்

1

"அழிங்க டீச்சர் இதை," என்றார் வகுப்பைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரி.

எண்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலையகத்தில், பதுளையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் காட்டிய கரும்பலகை முழுக்க மகேஸ்வரியின் கையெழுத்து. பெரகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் மாணவி.

நடந்தது இதுதான். என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த தோழி தபாலில் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தாள். சுருள் விண்மீன் மண்டலங்களில் வெளி ஓரத்துக்குப் போகப் போக நட்சத்திரங்களின் வேகம் குறைய வேண்டும் என்பது நியூட்டன் கணக்கு. அளந்தால் குறையவில்லை. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள் ஏராளமாக இருக்கிறது என்றார்கள் பலர். முடுக்கம் மிகக் குறைந்த இடத்தில் ஈர்ப்பு விதியே வேறாக இருக்கலாமே என்றார்கள் சிலர்.

வகுப்பில் இதைச் சொன்னேன்.

"அப்ப விதிய மாத்தினா அந்த இருண்ட பொருள் எவ்வளவு வேணும் டீச்சர்?" என்று கேட்டாள் மகேஸ்வரி.

"நீயே போட்டுப் பாரு."

போட்டாள். பழைய விதியில், தெரியும் பொருளைப்போலப் பல மடங்கு தெரியாத பொருள் தேவைப்பட்டது. புதிய விதியில் ஏறக்குறைய ஒன்றுமே தேவைப்படவில்லை.

2

"நியூட்டன் பிழைன்னு தோட்டத்து லயத்துப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறீங்களா?" என்றார் அதிகாரி. "சோதனை பாஸ் பண்ணினாப் போதாதா இதுகளுக்கு?"

நான் வாய் திறப்பதற்குள் மகேஸ்வரி எழுந்துவிட்டாள்.

"பிழை எங்கன்னு காட்டுங்க சார். அழிச்சிடுறேன்."

அவர் பலகையருகே போய் வரி வரியாகப் பார்த்தார். ஓரிடத்தில் மீட்டர் என்று வரவேண்டியது கிலோமீட்டர் என்றிருந்தது. மகேஸ்வரி அந்தச் சொல்லை மட்டும் திருத்தினாள். கணக்கை மீட்டரில்தான் போட்டிருந்தாள், அதனால் விடை மாறவில்லை. பலகையும் அழியவில்லை.

3

மறுநாள் பாடசாலை அதிபர் என்னைக் கூப்பிட்டார். "மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் குடுங்க டீச்சர். விஷயம் முடிஞ்சிரும்."

நான் நான்கு பக்கம் எழுதினேன். முழுக்க மகேஸ்வரியின் கணக்கு. கீழே, "பிழையிருப்பின் அறியத்தரவும்" என்று கையெழுத்திட்டேன்.

பிழை எதையும் எவரும் அறியத்தரவில்லை. இடமாற்றக் கடிதம்தான் வந்தது. எல்லவுக்குக் கிட்ட, ஐந்தாம் வகுப்பு வரைக்குமான தோட்டப் பாடசாலை. என் பதுளைப் பிள்ளைகளின் ஏ.எல். சோதனைக்கு நாலு மாதமே இருந்தது. அதுதான் வலித்தது.

முதல் சனிக்கிழமையே அந்த வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரும் ரயிலில் எல்லவுக்கு வந்து இறங்கினார்கள். மகேஸ்வரி தன் தோட்டத்துக்குக் கிட்ட உள்ள ஹப்புத்தளையிலிருந்து, மற்றவர்கள் பதுளையிலிருந்து. சனிக்கிழமைதோறும் ஸ்டேஷன் வாங்குப் பலகையில் உட்கார்ந்தே மிச்சப் பாடத்தை முடித்தோம். மகேஸ்வரிக்குப் பௌதிகத்தில் அதிவிசேட சித்தி, அதாவது ஏ தரம்.

அந்த விண்மீன் வழக்கு இன்னும் தீரவில்லை. விண்மீன் மண்டலங்கள் பல சேர்ந்த பெரிய கொத்துகளில் புதிய விதிக்கும் தெரியும் பொருள் போதவில்லை என்கிறார்கள். எது வெல்லும் என்று எனக்குத் தெரியாது. இளம் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இவ்வளவு இருக்கிறது என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்த விதியை வைத்துக் கணித்தீர்கள் என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். கேட்கிற பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள், வகுப்பில் எந்த அதிகாரி நின்றாலும்.