ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர்

1997 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய குறிப்பு இது: ‘காலை பத்து மணிக்குப் புதிய இந்தித் தொடர். சிறிய ஊர், சர்க்கரை ஆலை, கால்வாய். ஆலை குமாஸ்தா கொலை. கொன்றவன் மைத்துனன். அண்ணாச்சி முதல் விளம்பர இடைவேளையிலேயே கண்டுபிடித்துவிட்டார்.’

படித்த புத்தகம், பார்த்த படம், பஸ் கட்டணம் கூடிய நாள் என்று எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது என் வழக்கம். அதனால் அந்தத் தொடரின் ஒவ்வொரு வாரக் கதையும் என்னிடம் இருக்கிறது. வயதான ஒரு இன்ஸ்பெக்டர், அவருக்குக் கீழே துடிப்பான ஒரு சப்-இன்ஸ்பெக்டர். வாரம் ஒரு கொலை. நிகழ்ச்சி முடிவதற்குள் குற்றவாளி அகப்பட்டிருப்பான்.

அண்ணாச்சி டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டுக்காரர். திருநெல்வேலிக்காரர், ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். நான் திருச்சிப் பக்கம், வேறொரு அமைச்சகம், அவரைவிடப் பத்து வயது இளையவன். ஊர் வேறானாலும் அவரை அண்ணாச்சி என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கலர் டிவி அவர் வீட்டில்தான் இருந்தது. ஞாயிறு காலை மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மதினி கொடுக்கும் இட்லியோடு அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

“கொலை விழுந்த அஞ்சு நிமிசத்துல ஜீப்பு வந்து நிக்குவே,” என்பார் அண்ணாச்சி. “இவனுவளுக்கு பெட்ரோல் எவன் போடுதான்? எங்க ஆபீசுல ஒரு ஸ்டாஃப் காருக்கு நான் மூணு கையெழுத்து வாங்கணும்.”

“நீங்க சும்மா இருங்க. ரோட்டக் காட்டுதான் பாருங்க,” என்பார் மதினி.

மதினிக்கு இந்தி காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வரும். கொலையும் அவருக்குப் பொருட்டல்ல. அவர் பார்த்ததெல்லாம் அந்த ஊரை. கரும்பு வண்டி, ரயில்வே கேட், கால்வாய்க் கரையில் புளிய மரத்தடி டீக்கடை. அவர்களுடைய ஒரே மகன் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் அப்படியோர் ஊரில், அப்படியோர் ஆலையில் கெமிஸ்டாக இருந்தான். அவரால் அங்கே போய்ப் பார்க்க முடிந்ததில்லை. தொடர்தான் காட்டியது.

அந்தத் தீபாவளிக்கு அவன் வந்திருந்தான். டெல்லியில் பிறந்த பையன். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பான். ஆலையிலிருந்து, சாராயம் காய்ச்ச உதவும் கழிவுப்பாகான மொலாசஸ் டாங்கர் டாங்கராகத் திருட்டுத்தனமாய்ப் போகிறது என்றும், தரச் சான்றில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், தான் போடவில்லை என்றும் சாப்பிடும்போது சொன்னான்.

“உனக்கெதுக்குல ஊர் வம்பு? மாத்தல் கேளு,” என்றார் அண்ணாச்சி.

“அச்சா, கேக்கறேன்பா,” என்றான்.

ஜனவரியில் அவனைக் கால்வாயிலிருந்து எடுத்தார்கள்.

ஆலை வேன் ஒன்று உடலைக் கொண்டுவந்து எங்கள் கட்டட வாசலில் இறக்கியது. கூடவே பிரேதப் பரிசோதனை நகலும் போலீஸ் காகிதமும் வந்தன. போலீஸ் காகிதத்தில், குடித்துவிட்டுத் தவறி விழுந்து மூழ்கியதாக இருந்தது. அவன் குடித்து யாரும் பார்த்ததில்லை. மூடுபனி விலகாத காலை. தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் வந்துவிட்டன.

டெல்லித் தமிழர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து ஆள் வந்து சேர ரயிலில் இரண்டு நாள் ஆகும் என்பதால் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அன்றே தகனம், பிறகு அஸ்தியோடு நாம் ஊருக்குப் போவது. இதில் எங்களுக்குக் கை பழகியிருந்தது. ஒருவர் புரோகிதருக்குப் போன் செய்வார், ஒருவர் லோதி ரோடு மயானத்தில் நேரம் வாங்குவார், ஒருவர் வண்டி பிடிப்பார். யாரும் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அந்த ஒழுங்கைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முகம் துடைக்கும்போது மதினி நிமிர்ந்தார். “இங்க பாருங்க, காதுக்குப் பின்னால. இது விழுந்த காயமா? யாரோ அடிச்ச மாரில்லா இருக்கு.”

“கால்வாய்க் கல்லுல பட்டிருக்கும்மா,” என்றார் கூட்டத்தில் பெரியவர் ஒருவர். “நேரமாகுது. இருட்டறதுக்குள்ள முடிக்கணும்.”

மதினி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி, “எடுங்க,” என்றார்.

தொடர் பார்ப்பதை அவர்கள் நிறுத்திவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஊரிலிருந்து திரும்பிய பிறகு வந்த முதல் ஞாயிறே அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுவிட்டார். கேலி எதுவும் இல்லை. பரீட்சைக்குப் படிப்பவர்போல முன்னால் குனிந்து பார்த்தார். மதினி சமையலறையிலேயே இருந்தார்.

மார்ச்சில் ஒரு வாரம், ஒரு பெண்ணின் பாடையைத் தூக்கிக்கொண்டு கால்வாய்க் கரையில் போகிறார்கள். எதிரே ஜீப் வந்து நிற்கிறது. வயதான இன்ஸ்பெக்டர் இறங்கிக் கையை உயர்த்துகிறார். பாடையை இறக்கச் சொல்கிறார். இன்னொரு முறை பரிசோதனை நடக்கிறது. கழுத்தில் இருந்த தடம் தெரிகிறது.

அண்ணாச்சி திரும்பினார். “அப்படி நிப்பாட்டலாமாவே? சட்டத்துல இடம் இருக்கா?”

சட்டப் புத்தகங்களையும் விட்டுவைக்காதவன் நான். “இருக்கு அண்ணாச்சி. சந்தேகம்னா வீட்டுக்காரங்களே கேக்கலாம்.”

“யாரு, அப்பன்காரன் கேக்கலாமா?”

“கேக்கலாம்.”

சமையலறை வாசலில் மதினி நின்றிருந்தார். “நான் சொன்னேம்லா,” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அந்தத் தொடர் ஓடும் நேரத்தில் வீட்டில் இருந்ததில்லை. பின்பக்கம் துணி உலர்த்தப் போய்விடுவார்.

இன்னொரு வாரக் கதையில் சீசா ஒன்று வந்தது. இறந்தவரின் வயிற்றுக்குள்ளிருந்து எடுத்ததைச் சீசாவில் போட்டு, அரக்கு வைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். விஷமா மதுவா என்பது அதில் தெரிந்துவிடும். அண்ணாச்சி எழுந்து போய் மகனின் பிரேதப் பரிசோதனை நகலை எடுத்துவந்தார். உள்ளுறுப்புகள் ஆய்வுக்காக எடுத்து வைக்கப்பட்டன என்று அதிலும் ஒரு வரி இருந்தது.

“இருக்குவே!” என்றார். “எரிச்சது போவ, அவன் கொஞ்சம் அங்க இருக்கான். குடிக்கலைன்னு அது சொல்லிரும்.”

இறந்த பையனைப் பற்றி அவர் சந்தோஷமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாளே அந்த ஊருக்குப் போய்விடலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. முப்பது வருடம் கோப்போடு வாழ்ந்தவர். அரசு ஊழியன் இன்னொரு அரசுக்கு எழுதினால் தன் அலுவலகத்தின் வழியாகத்தான் எழுத வேண்டும். நேரே போய் நிற்பது முறையல்ல, காரியமும் கெட்டுவிடும் என்று நம்பினார். சீசாவின் ஆய்வு முடிவைக் கேட்டு அப்படியே எழுதினார். மனு அவருடைய அமைச்சகத்திலேயே ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது. மழைக்காலமும் முடிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் இன்ஸ்பெக்டர் யாரையாவது பிடித்தார். ஒவ்வொரு திங்களும் அண்ணாச்சி ஒரு நினைவூட்டல் எழுதினார்.

கடைசியில் நவம்பரில் இருவரும் பஸ் ஏறினோம். ஊர் மதினி நினைத்திருந்ததுபோல் இல்லை. ஆலைப் புகையும் சாக்கடையும் கலந்த நாற்றம். கால்வாயில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. வருடத்தில் பல மாதம் அப்படித்தான் என்றான் டீக்கடைக்காரன். அண்ணாச்சி கரையில் நின்று அதையே பார்த்தார். நான்தான் கையைப் பிடித்து அழைத்துப்போனேன்.

காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் முன்ஷி எங்களை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அண்ணாச்சி சீசாவைப் பற்றித் தன் செக்‌ஷன் இந்தியில் விளக்கினார்: அரக்கு, முத்திரை, ஆய்வுக்கூடம்.

“நீங்களும் ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கிறீர்களா?” என்று முன்ஷி இந்தியில் கேட்டார். “நாங்களும் பார்க்கிறோம். ஆனால் அது டிவி, பாபுஜி.”

பின்னாலிருந்த கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். அரசு அலுவலகத்தில் சிரிப்புக்குச் சிரிப்பால் பதில் சொல்லியே பழகியவர்.

சீசா அனுப்பப்பட்டுவிட்டது, பதில் வரவில்லை என்றார் முன்ஷி. எடுத்துப்போன கான்ஸ்டபிள் மாற்றலாகிப் போய்விட்டான். எந்த ஊருக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. வெளியே வரும்போது வாசல் காவலன் என்னிடம் மட்டும் மெதுவாக, சீசா எங்கும் போகவில்லை, பிடிபட்ட பொருள்களைப் போட்டுவைக்கும் மால்கானா அறையில்தான் கிடக்கிறது என்றான். அதை அண்ணாச்சியிடம் சொன்னேன். திரும்பி உள்ளே போனோம். அந்த அறையின் சாவியை வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போனோம். சாவி கிடைக்கவில்லை. 1999இல் அந்தத் தொடர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றது. அந்த நேரத்தில் ஒரு சமையல் நிகழ்ச்சி வந்தது. அடுத்த வருடம் அண்ணாச்சி ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இருவரும் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். லாரியில் சாமான் ஏற்றும்போது மதினி என்னிடம், “நீங்க அந்தப் பக்கம் போனா ஒரு எட்டு பாத்துட்டு வாங்க தம்பி,” என்றார். எதை என்று சொல்லவில்லை.

2004இல் அலுவலக வேலையாக அந்த ஜில்லாவுக்குப் போனேன். காவல் நிலையம் புதுக் கட்டடத்துக்கு மாறியிருந்தது. பழைய கட்டடம் பூட்டிக் கிடந்தது. மால்கானாவில் கிடந்த பழைய பொருள்களை நீதிமன்ற உத்தரவின்படி அழித்துவிட்டார்கள் என்றார் புதிய முன்ஷி. உள்ளுறுப்புச் சீசாக்களுமா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார்.

அன்று மாலை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் பேசினேன்.

“இருக்கா, போச்சா?” என்றார் அண்ணாச்சி. “அத மட்டும் சொல்லும்.”

“தெரியல அண்ணாச்சி.”

“பையன் குடிச்சிருந்தாம்னே இருக்கட்டும்வே. அதாச்சும் தெரிஞ்சா போதும்னுதாம் இவ சொல்லுதா.”

மதினி பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். யாரோ மூச்சு விடுவது கேட்டது. பிறகு அண்ணாச்சி, “சரி, பூத்துல மீட்டர் ஓடுது, வையும்,” என்றார்.

அண்ணாச்சி 2006இல் இறந்தார். மதினி இருக்கிறார். மகன் சாவு இன்றும் காவல்துறைக் காகிதத்தில் குடிபோதை விபத்துத்தான். அந்தச் சீசா எப்போதாவது ஆய்வுக்கூடத்துக்குப் போனதா, அல்லது மால்கானாவிலேயே கிடந்து அழிந்ததா என்பதை இதை எழுதும் வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.