நாலாவது துவாலை

இது நடந்தது. என் மனைவி ஷாரனைக் கேட்டால் எழுந்து போய்விடுவாள். அதனால் நான் எழுதுகிறேன்.

அன்று பிற்பகல் என் அக்கா அற்புதம்மாளை அடக்கம் செய்தோம், தேயிலைத் தோட்டத்துக் கல்லறையில். மாலையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில், அக்கா வீட்டில் ஜெபம். நாங்கள் இருக்கவில்லை. "வேலை இருக்கு மாமா," என்று அக்காவின் கணவர் தோமஸிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வேலை இல்லை. அதே மலையில், கம்போங் ராஜா ஊரில் அறை எடுத்திருந்தேன். மறுநாள் ஈப்போவில் தீம் பார்க். பள்ளி விடுமுறை. பார்க் பக்கத்தில் எந்த ஹோட்டலிலும் இடமில்லை. இங்கிருந்து விடியலில் மலை இறங்கினால், கதவு திறக்கும்போது போய்விடலாம். விடுமுறை முழுக்க மகள் பூவிழியை எங்கும் கூட்டிப் போகவில்லை. அவளுக்கு மிச்சம் அந்த ஒரு நாள்தான்.

சாவுக்குப் போனால் நேரே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். எங்களுக்கும் தெரியும்.

கீழே சாப்பாட்டுக் கடை. மேலே அறைகள். கடைக்காரர் ஹாஜா மைதீன் சாவியும் நான்கு துவாலைகளும் நீட்டினார்.

"மூணு பேர்தான் பாய்."

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "அந்தம்மாவுக்கு வேணாமா? நனைஞ்சிருக்காங்களே."

திரும்பினேன். ஷாரன். பூவிழி. அவர்களுக்குப் பின்னால் பனிமூட்டம்.

கட்டிலில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். கூட்டம் சேருமுன் சறுக்கு. பிறகு சுடுநீர்க் குளம். ஷாரன் நீச்சல் உடைகளை எடுத்து வைத்தாள். துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைச் சேலையை இன்னும் மாற்றவில்லை.

கைப்பேசியில் டிக்கெட் எடுத்தேன். பெரியவர் இரண்டு. சிறியவர் ஒன்று. அடுத்த பக்கம்.

பெரியவர் மூன்று.

குறைத்தேன். மறுபடி மூன்று.

"லைன் சரியில்லலா," என்றாள் ஷாரன். குரல் சரியில்லை.

மணி ஏழு இருபது. படியில் சத்தம். ரப்பர் பூட்ஸ். கொழுந்து பறிக்கிறவர்கள் போடுவது. உள்ளே தண்ணீர் புகுந்த பூட்ஸ்.

சப்… சப்…

எங்கள் கதவருகே நின்றது.

தட்டவில்லை.

பூவிழி எழுந்தாள். "அத்தை வந்துட்டாங்க."

"யாரு?"

"நான்தான் கூப்பிட்டேன். பெட்டிகிட்ட. நாளைக்கு தீம் பார்க் போறோம், நீங்களும் வாங்க அத்தைன்னு."

துக்க வீட்டில் 'போய்ட்டு வரேன்' என்றுகூடச் சொல்ல மாட்டோம். இவள் வாங்க என்றிருக்கிறாள். ஏழு வயது. நாங்கள் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கைப்பிடி அசைந்தது.

கதவில் வாயை வைத்தேன். "நாங்க போகலக்கா… நீங்க வீட்டுக்குப் போங்க."

மூச்சுச் சத்தம்…

என்னுடையதா, தெரியவில்லை.

பிறகு படியில்…

சப்… சப்…

"அப்ப நாளைக்கு?" என்றாள் பூவிழி.



விடிந்ததும் லயத்துக்கே திரும்பினோம். தோமஸ் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய்யையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கோப்பியைக் கீழே வைத்தார்.

"சாகுற அன்னிக்குக் காலையில குளிச்சு, நல்ல சேலை கட்டிக்கிட்டா. எங்க கெளம்பிட்டேன்னு கேட்டேன். பூவிழி கூப்பிடுது, தீம் பார்க் போகணும்னு சொன்னா. ஒரே சிரிப்பு. சரி, நீதான் போன் பண்ணியிருப்பேன்னு நெனச்சேன் தம்பி. கொஞ்ச நேரத்துல நாற்காலியிலயே போய்ட்டா."

ஷாரன் என் கையைப் பிடித்தாள்.

நான் போன் பண்ணவில்லை. அக்காவை எங்கும் வாங்க என்று கூப்பிட்டதும் இல்லை. அந்தக் காலையில் தீம் பார்க் என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது.

அவள் செத்த செய்தி வந்த பிறகுதான் அந்தத் திட்டமே போட்டோம். எப்படியும் மலைக்குப் போகிறோமே என்று.