எம்பரசாதா என்ற சொல்

ஆனந்தமேரிக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனாலும் வத்தலக்குண்டு கன்னியர் மடத்துச் சின்ன ஆஸ்பத்திரியில், ஸ்பெயினிலிருந்து வைத்தியம் பார்க்க வந்த மதர் கொன்சுவேலோவுக்கு அவள்தான் வாய்.

1959-ல் மதர் வந்து இறங்கியபோது அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது. இங்கிலீஷ் பாதி வழியில் நின்றுவிடும். மீதியை ஸ்பானிஷில் முடிப்பார். மடத்துப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆனந்தமேரியை, இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்காக அச்சிட்ட ஒரு ஸ்பானிஷ் சொற்புத்தகத்தைக் கையில் கொடுத்து அவரோடு நிற்க அனுப்பினார்கள்.

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. மேசைக்கு ஸ்பானிஷிலும் மேசா என்றார்கள். சப்பாத்துக்கு சப்பாத்தோ. இங்கிலீஷ் சாயலில் வந்த சொற்கள்தான் காலை வாரின. மதர் சோப்பா கேட்டார். அவள் சோப்புக்கட்டியை நீட்டினாள். அது சூப். ரோப்பா என்றார்; கயிறு கொண்டுபோனாள். அது துணிமணி. மதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவளும் கூடச் சிரித்தாள். ஆனால் மருந்து அலமாரிப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். சோப்பில் நடந்தது இங்கே நடந்தால்?

நடந்தது.

சேவுகம்பட்டியிலிருந்து மூக்காயி என்ற பெண் கொழுந்தன் ராமரோடு வந்தாள். வயல்வேலை செய்து உரமேறிய, வாய்த்துடுக்கான பெண். "வயித்தப் பெரட்டுது டீச்சரம்மா. ஒரு வாய் கஞ்சி தங்க மாட்டேங்குது. சுருட்டிச் சுருட்டி இழுக்குது," என்று கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

மதர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு ஆனந்தமேரியைத் திரும்பிப் பார்த்து, "ஷீ எம்பரசாதா?" என்றார்.

வெளியே கூட்டம் நெருக்கியது. இங்கிலீஷ் எம்பாரஸ்ட், கூச்சப்படுகிறாளா என்று கேட்கிறார் போல. இவளுக்கா கூச்சம்? "நோ மதர். நாட் அட் ஆல்."

மதர் தலையசைத்துவிட்டு, வயிற்றுப்பூச்சி மருந்தை ஒரு குப்பியில் ஊற்றிக் கொடுத்தார். வீட்டுக்குப் போனதும் முழுவதையும் குடித்துவிட வேண்டும். மூக்காயியும் ராமரும் மத்தியான பஸ்ஸில் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் கருப்பம்மாள் என்ற நிறைமாதக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மதர் முகம் மலர்ந்து அவள் வயிற்றைத் தொட்டார். "ஆ! எம்பரசாதா!"

ஆனந்தமேரி சொற்புத்தகத்தைத் தேடி எடுத்தாள். பக்கங்களைப் புரட்டினாள். எழுத்துகள் ஓடின. எம்பரசாதா: கர்ப்பவதி.

மூக்காயியைக் கேட்காமலே ‘நோ’ சொன்னதைச் சொன்னதும் மதரின் முகம் வெளுத்தது. அந்த மருந்து பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது. கரு கலைந்துவிடும். குடித்திருந்தால் வாந்தி எடுக்க வை, நான் பின்னால் வருகிறேன் என்று கையாலும் அரைகுறை இங்கிலீஷிலும் சொல்லி அவளை வாசலுக்குத் தள்ளினார்.

அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. தக்காளி ஏற்றிக்கொண்டிருந்த ஜமால் முகமதுவின் லாரி முன்னால் போய் நின்றாள். "அண்ணே, சேவுகம்பட்டில ஒரு உசுரு..." சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள். அவர் மீதிக் கூடைகளை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தார். வழியெல்லாம் அவள் ஜெபமாலையைப் பிடித்திருந்தாள். அருள்நிறை மந்திரத்தின் முதல் வரிகூட நினைவுக்கு வரவில்லை. ஒருவேளை அவள் கர்ப்பமாகவே இல்லையோ என்று ஒரு நினைப்பு. அடுத்த நொடி, அந்த வாந்தி நினைவுக்கு வரும்.

சேவுகம்பட்டியில் மூக்காயியின் மாமியார் பெருமாயி வீட்டு வாசலில் முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, மூக்காயி முழுகாம இருக்காளா?"

பெருமாயி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "யாரு சொன்னது? ரெண்டு தங்காமப் போச்சுன்னு இந்தத் தடவ யாருக்கும் சொல்லலையே."

"மருந்து?"

"இப்பத்தேன் குடிச்சிட்டுப் படுத்தா."

ஆனந்தமேரி உப்பைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தாள். மூக்காயி குடம் குடமாகக் கக்கினாள். மதர் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தபோது அவளுக்கு அடிவயிற்றில் வலி கண்டிருந்தது. மதர் நாடியைப் பிடித்தபடி உட்கார்ந்தார். வலி வரும்போதெல்லாம் ஆனந்தமேரியின் பார்வை சேலையின் பக்கம் போகும், உதிரம் தெரிகிறதா என்று. பொழுது சாயும் வேளையில் வலி விட்டது. அப்போதுதான் ஆனந்தமேரி நடந்ததைச் சொன்னாள்.

மூக்காயி கத்தவில்லை. "கொழுந்தன் பக்கத்துல நிக்கையில நான் எப்புடிச் சொல்லுவேன்? தனியாக் கூப்புட்டு ஒரு வார்த்த கேட்ருக்கலாமே டீச்சரம்மா," என்றாள்.

அதன்பின் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் ஆனந்தமேரி சேவுகம்பட்டிக்குப் போனாள். தெருமுனை திரும்பும்போது யாராவது அழும் சத்தம் கேட்கிறதா என்று நின்று காதுகொடுப்பாள். தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. அதன் விரல்களையும் காதுகளையும் கண்களையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். குறை ஒன்றும் இல்லை. அப்படியும் அது உட்கார்ந்து, நடந்து, பேசும்வரை அவளுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

மதர் ஊருக்குத் திரும்பிய 1966 வரை அவள்தான் அவருக்காகப் பேசினாள். எந்தச் சொல்லையும் ஒருமுறைக்கு இருமுறை கேட்பாள். "எத்தன தடவதேன் கேப்பீக?" என்று நோயாளிகள் அலுத்துக்கொள்வார்கள். மதருக்கு அவள் சொல்லிக்கொடுத்த முதல் தமிழ் வாக்கியம் "முழுகாம இருக்கியா?" என்பது. ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, வந்த பெண்கள் ஒவ்வொருவரிடமும், நரைத்த கிழவியிடம்கூட, மதர் அதைக் கேட்பார். கூடமே சிரிக்கும். பதில் வரும்வரை ஆனந்தமேரி மட்டும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.