கேட்காமலே வந்த பதில்

ரப்பர் பேண்டை ஒவ்வொன்றாக வார்ப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன், ஆம்பூருக்கு வெளியே அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேரும் வரை. ரப்பரோடு கந்தகமும் சாயமும் சேர்த்துப் பிசைந்து, நீளக் குழாயாக இழுத்து, கம்பியில் மாட்டி நீராவியில் வேகவைப்போம். வெந்ததைப் பவுடர் தூவி உருவி, மெஷினில் கொடுத்தால் வளையம் வளையமாக விழும். புடலங்காய் நறுக்குகிற வேலைதான். முன்பு தோல் பதனிடும் ஷெட்டாக இருந்த கட்டடம் அது. எவ்வளவு பவுடர் கொட்டினாலும் பச்சைத்தோல் நாற்றம் மட்டும் போகவில்லை. பேய் பிசாசு என்றால் சிரிக்கிற ஆள் நான். சூப்பர்வைசரைத் தவிர யாருக்கும் பயந்ததில்லை.

வெட்டும் மெஷினில் குழாயைக் கொடுப்பது என் அண்ணி. பின்பக்கச் சுவரில் இருந்த சுவிட்ச் என் பொறுப்பு. குழாய் சிக்கினால் நான் நிறுத்துவேன்; அண்ணி கையை உள்ளே விட்டு எடுப்பார். நடுவில் கம்பி ஸ்டாண்டு மறைப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். "கை?" என்று நான் கத்த வேண்டும். "எட்த்தாச்சி" என்று அவர் சொன்ன பிறகுதான் மறுபடி சுவிட்சைப் போடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மற்றவர்கள் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விட்டார்கள். ஆர்டர் அவசரம் என்று நாங்கள் இருவர் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தோம். குழாய் சிக்கியது. நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"எட்த்தாச்சி."

அண்ணியின் குரலேதான். விரல் சுவிட்சுக்குப் போய்விட்டது. அப்போதுதான் உறைத்தது, நான் இன்னும் கேட்கவே இல்லை.

"அண்ணி?" என்றேன். பதில் இல்லை. ஸ்டாண்டைச் சுற்றி ஓடினேன். அண்ணியின் வலது கை மணிக்கட்டு வரை கத்திக்கு அடியில் இருந்தது. குழாயின் மறுமுனையைப் பல்லால் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தார். அந்த வாயால் ஒரு வார்த்தை பேசியிருக்க முடியாது.

கையை வெளியே எடுத்துவிட்டு, "இன்னா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார்.

"எட்த்தாச்சின்னு சொன்னீங்களே அண்ணி, நான் கேக்கறதுக்கு முன்னாடியே?"

"நானா? வாய்ல கொழா இருக்குது, எப்டி சொல்லுவேன்?"

அண்ணி சிலுவை போட்டுக்கொண்டார். "ஆண்டவருதான் என் கொரல்ல பேசி உன்ன தடுத்துட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் அந்தக் குரலுக்கு நன்றி சொல்லி மெழுகுவத்தி ஏற்றினார். நானும் பக்கத்தில் மண்டியிட்டேன். கண்ணை மூடப் பயமாக இருந்தது. தடுக்க வந்த குரலாக இருந்தால் கை உள்ளே இருக்கிறது என்றல்லவா சொல்லியிருக்கும்? அது "எட்த்தாச்சி" என்றது. அண்ணி கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருந்தார். அவரிடம் அதை எப்படிச் சொல்வேன்?