தளதள

இங்கே தண்ணீர் கொதித்தால் விசில் அடிக்கிறது. நான் குடியிருக்கும் இலண்டன் வீட்டுக்கார அம்மாவின் கேத்தலைத்தான் சொல்கிறேன். வந்த இரண்டு வருடமாக, அது ஊதும்போதெல்லாம் எனக்கு எரிச்சல். தேநீர் குடிக்க யாராவது பொலிஸ்காரனைப் போல விசில் ஊதிக் கூப்பிடுவார்களா?

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்குத் தேநீர்க்கடை. லக்கல ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். அப்பா அசைய மாட்டார். "சளசளங்குற தண்ணில சாயம் எறங்காதுங்க. தளதளன்னு வரட்டும்" என்பார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "புள்ள, வந்துருச்சா?" என்று என்னைத்தான் கேட்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூடியைத் திறக்காமலே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். அதில் ஒரு நாளும் நான் பிழைவிட்டது கிடையாது.

இங்கே தாதிப் பயிற்சியில், என் ஆங்கிலம் போதாது என்று வார்டு சிஸ்டர் இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். மூன்றாவது தடவை என்றால் ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து, நெஞ்சில் சத்திரசிகிச்சை முடிந்த ஒரு கிழவரை என் பொறுப்பில் விட்டார்கள். அவர் நெஞ்சில் தங்கிய காற்றை வெளியேற்றும் குழாயின் நுனி, கட்டிலடியில் ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் இருக்கும். இருமினால் குபுக்கென்று ஒரு குமிழி வரும்; அது சரி. அன்று பகல் அவருக்கு முதுகைக் காட்டிப் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். போத்தல் விடாமல் தளதளவென்றது. ஓடினேன்.

"சிஸ்டர், போத்தல் இஸ் பாயிலிங்!"

தளதள என்றால் எனக்குக் கொதிப்பதுதானே. சிஸ்டர் தலையைத் தூக்காமலே, "அதில் எதுவும் கொதிக்காது, நர்ஸ். அதற்குப் பப்ளிங் என்று பெயர். அது வரத்தான் வேண்டும்" என்றார். குபுக்குக்கும் அதே சொல், தளதளவுக்கும் அதே சொல்! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "குபுக் இல்லை சிஸ்டர், தளதள! தளதள!" என்று விரல்களைத் துள்ளவிட்டுக் காட்டினேன். வார்டே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை, எழுந்து வந்தார். குழாயின் பொருத்து கழன்று காற்று புகுந்துகொண்டிருந்தது. கிழவரின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. பொருத்தை இறுக்கியதும் மூச்சு சீரானது.

இப்போது சிஸ்டர் என்னைக் கண்டதும் கேட்பது, "குபுக், நர்ஸ்? அல்லது டலடல?" அந்த 'ட'வைக் கேட்டுச் சிரிப்பு வந்தாலும், என் சொல் இந்த வார்டில் உத்தியோகம் பார்ப்பதில் எனக்குப் பெருமைதான்.

அப்பாவுக்கு எல்லாம் எழுதினேன். பதில் வந்தது: "கடைக்கு வந்தவங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன் புள்ள. நீ போனப்புறம் கேட்டுச் சொல்ல ஆளில்ல. அதனால விசில் அடிக்கிற கேத்தல் ஒன்னு வாங்கிட்டேன்."

மறுநாள் காலை வீட்டுக்கார அம்மாவின் கேத்தல் ஊதியது.

"வந்துருச்சுப்பா" என்றேன், வாய்விட்டு.